தீர விசாரித்துக் கொள்ளுங்கள்

சென்ற ஆண்டு ரஜப் மாதத்தில் ஒரு நாள், சுப்ஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கும் வேளையில், நமது மஹல்லாவைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் தம் பேரனுடன் நமக்காகக் காத்திருந்தார். இருபதாண்டு காலம் தையல் மிஷினை மிதித்துப் பிள்ளைகளைக் கரையேற்றியவர். சீட்டுக் கட்டியும் முட்டை விற்றும் சேர்த்த காசில் ஒரு தடவை உம்ரா செய்துவிட வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. “ஆலிம்ஸா, இந்த வெப்சைட்டைக் கொஞ்சம் பாருங்க, நம்பலாமா?” என்று பேரனின் செல்போனை நீட்டினார். கஃபதுல்லாஹ்வின் அழகிய படம், மேலே பிஸ்மில்லாஹ், கீழே இஹ்ராம் உடையில் சிரித்த முகங்கள், பதினைந்து நாள் பயணத்துக்கு 55,000 ரூபாய். “நல்லவிதமாகத்தான் தெரிகிறது மாமி” என்று சொல்லி விட்டோம். அந்த ஒரு சொல்லுக்காக இன்றளவும் வெட்கப்படுகிறோம். அவர் முன்பணமாக அனுப்பிய 40,000 ரூபாய் போன இடம் தெரியவில்லை. நாலாம் நாள் அந்தத் தளமே இல்லை.

கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி ஒரு செய்தி அறிவிக்கப்படுகிறது. ஒருவருக்காக இன்னொருவர் நற்சாட்சி சொல்ல முன்வந்தார். நீர் அவருக்கு அண்டை வீட்டாரா, அவரோடு கொடுக்கல் வாங்கல் செய்ததுண்டா, பிரயாணம் செய்ததுண்டா என்று கலீஃபா அவர்கள் கேட்டார்கள். மூன்றுக்கும் இல்லை என்றே பதில் வந்தது. அப்படியானால் நீர் அவரை அறியமாட்டீர் என்று சொல்லிவிட்டார்கள். மதரஸாவில் இதை ஓதியவர்கள்தான் நாம். ஆயினும் ஒரு படத்தைப் பார்த்துச் சாட்சி சொல்லி விட்டோம்!

இங்கே சிலர் ஒரு கேள்வி எழுப்புவார்கள். முஸ்லிமைப் பற்றி நல்லெண்ணம் அல்லவா கொள்ள வேண்டும்? துருவித் துருவிக் கேட்பது ‘ஸூஉழ் ழன்’ ஆகாதா? அல் ஹுஜுராத் அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். வீண் சந்தேகத்தை விலக்கும் பன்னிரண்டாம் வசனமும், பொல்லாதவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்லும் ஆறாம் வசனமும் அதே அத்தியாயத்தில்தான் உள்ளன. விசாரிக்காமலே ஒருவரைத் திருடன் என்பது சந்தேகம். பணம் கொடுக்குமுன் ‘நீர் யார்’ என்று கேட்பது விசாரணை. குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதி வைக்கவும் சாட்சிகளை ஏற்படுத்தவும் கட்டளையிடுவதாகும். கண்ணியமான ஸஹாபாக்களின் சமூகத்துக்கே அந்தக் கட்டளை வந்ததென்றால், நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்?

ஹதீஸ் கலையில் ‘மத்ன்’ என்பது செய்தியின் வாசகம். ‘ஸனது’ என்பது அது வந்த ஆட்களின் தொடர். வாசகம் எவ்வளவு அழகாயிருந்தாலும் ஸனது இல்லையேல் இமாம்கள் அதை ஏற்பதில்லை. இணையதளத்தில் படமும் பிஸ்மில்லாஹ்வும் மத்ன். அதை யாரும் ஒரு மணி நேரத்தில் நகலெடுத்து ஒட்டிவிடலாம். நாம் தேட வேண்டியது ஸனதை.

அதன் முதல் கண்ணி, திரையின் உச்சியில் உள்ள முகவரி. அதை அரபி வாசிப்பதுபோல் வலமிருந்து இடமாக வாசியுங்கள். இந்திய ஹஜ் கமிட்டியின் முகவரி ‘ஹஜ்கமிட்டி.கவ்.இன்’ என்பது. ‘கவ்.இன்’ என்று முடியும் பெயர் அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படுகிறது. மோசடிக்காரன் ‘ஹஜ்கமிட்டி.கவ்.இன்’ என்பதை முன்னால் போட்டு, அதன்பின் இன்னொரு புள்ளி வைத்துத் தன் சொந்தப் பெயரையும் ‘ஷாப்’ என்றோ ‘ஆன்லைன்’ என்றோ ஒரு வாலையும் சேர்ப்பான். முதல் சாய்கோட்டுக்கு முன்னால், கடைசியில் நிற்பவனே வீட்டுக்காரன். மற்றதெல்லாம் வாசலில் தொங்கவிட்ட பெயர்ப்பலகை. ஆங்கில ‘ஓ’ இருக்க வேண்டிய இடத்தில் சுழியம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தொடாமல், முகவரியை நாமே அடித்துத் திறப்பது மேல்.

“பூட்டுப் படம் இருக்கிறதே ஹஜ்ரத்” என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். அந்தப் பூட்டு, ஒட்டிய தபால் உறை போன்றது. வழியில் யாரும் பிரித்துப் படிக்கவில்லை என்பதற்கு மட்டுமே அது உத்தரவாதம். கடிதம் போய்ச் சேர்ந்த வீடே கள்ளன் வீடு என்றால் ஒட்டிய உறை என்ன செய்யும்?

அடுத்து, தளத்தின் வயது. ‘ஹூஇஸ்’ என்னும் தேடலில் பெயரை இட்டால் அது பதியப்பட்ட தேதி பெரும்பாலும் தெரிந்துவிடும். இருபத்தைந்து ஆண்டு சேவை என்று விளம்பரம் செய்பவரின் முகவரி போன மாதம்தான் பிறந்தது என்றால் கணக்கு உதைக்கிறது. புதியது என்பதாலேயே பொய் ஆகிவிடாது. நேர்மையாகப் புதிதாய்த் தொழில் தொடங்குகிறவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் பழமை பேசமாட்டார்கள். ஜி.எஸ்.டி. எண் போட்டிருந்தால், அந்தப் பதினைந்து எழுத்தையும் அரசின் ஜி.எஸ்.டி. தளத்தில் இட்டு, அதே நிறுவனத்தின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டுப் பதிவு 33 என்று தொடங்கும். அவர்கள் தளத்திலேயே உள்ள புகழ்ச்சிக் கடிதங்களைக் கணக்கில் எடுக்க வேண்டாம். வாதியே தனக்குச் சாட்சியாக முடியாது என்பது காழிமன்றச் சட்டம்.

பணம் அனுப்பும் இடம்தான் மிக முக்கியம். யு.பி.ஐ.யில் ரகசிய எண்ணை இடுமுன் பெறுபவரின் பெயர் திரையில் வரும். டிராவல்ஸ் பெயருக்குப் பதில் முன்பின் தெரியாத ஒரு தனிமனிதரின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மாமி அனுப்பிய அன்றும் அப்படியொரு பெயர்தான் வந்ததாம். ‘இன்று இரவுக்குள் கட்டினால்தான் இந்த விலை, ஐந்தே இடம்’ என்ற அவசரத்தில் பேரன் அதைக் கவனிக்கவில்லை. இவ்வளவு குறைந்த தொகையில் விமானக் கட்டணம் போகப் பதினைந்து நாள் ஓட்டலும் உணவும் எப்படித் தருவார்கள் என்று நாமும் கேட்கவில்லை.

ஹஜ் விஷயத்தில் சற்று எளிது. நம் நாட்டிலிருந்து ஹஜ் கமிட்டி மூலம் செல்லலாம். அல்லது சிறுபான்மையினர் விவகார அமைச்சகம் அனுமதித்த தனியார் நிறுவனங்கள் மூலம் செல்லலாம். அந்தப் பட்டியலில் இல்லாதவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் பணம் தர வேண்டாம். விசிட் விசாவில் ஹஜ் செய்ய சவூதி அரசு அனுமதிப்பதில்லை. அப்படி அழைத்துப்போவதாகச் சொல்பவர் பொய் சொல்கிறார். உம்ராவுக்கு அத்தகைய ஒரே வாசல் இல்லாததால் அங்கேதான் கள்ளர் கூட்டம் அதிகம். ஏற்கெனவே அவர்களோடு போய்வந்த ஒருவரையாவது நேரில் கண்டு பேசுங்கள். உமர் (ரலி) அவர்கள் கேட்ட பிரயாணக் கேள்வி இதுவேயாகும்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடி வைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், ‘சைபர்கிரைம்.கவ்.இன்’ தளத்திலும் புகார் பதியலாம். வங்கிக்கும் சொல்லுங்கள். கள்ளன் பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே போவான். அது வங்கியை விட்டு வெளியேறுமுன் தடுத்தால்தான் மீட்க வழியுண்டு. மாமி ‘ஊர் சிரிக்குமே’ என்று ஐந்து நாள் வாய் திறக்கவில்லை. இதற்கிடையில் அதே ஆட்கள் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி ஒரு கியூ.ஆர். கட்டத்தை அனுப்பி ஸ்கேன் செய்யச் சொன்னார்கள். பணம் வருவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை என்பது பேரனுக்குத் தெரிந்திருந்ததால் மிச்சம் தப்பியது.

“போன பணத்துக்கு நன்மை உண்டா ஆலிம்ஸா?” என்று பிறகு ஒருநாள் கேட்டார். நற்செயலை நாடி, அதைச் செய்ய இயலாமல் போனவருக்கும் ஒரு முழு நன்மை எழுதப்படுவதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருப்பதைச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, முகவரியைக் கடைசியிலிருந்து வாசிப்பது எப்படியென்று தமக்கும் ஒரு தடவை காட்டச் சொன்னார். பேரனின் செல்போனை வாங்கிக் காட்டினோம். இப்போது மறுபடியும் சீட்டுக் கட்டி வருகிறார்.