கண் தெரியும்போதே வைத்தியம்

அன்புள்ள குமரனுக்கு,

பத்திரிகையின் பொடி எழுத்தைக்கூடத் தடையின்றிப் படிக்கிற உன் அப்பாவுக்குக் கண் வைத்தியர் லேசர் சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பது எதற்கு என்று கேட்டிருக்கிறாய், நியாயமான சந்தேகந்தான்.

நீரிழிவு கண்ணைத் தாக்கும்போது வலிப்பதில்லை. நடுப்பார்வைக்குரிய இடத்தைத் தொடாதவரை பெரும்பாலும் பார்வையும் குறைவதில்லை. பல வருஷங்களாகச் சர்க்கரை மிகுந்த ரத்தம் ஓடியதால் விழித்திரையின் நுண்ணிய குழாய்கள் சிதைந்து அடைபட்டுப்போக, பிராணவாயு கிட்டாத பகுதிகள் புதுக் குழாய்களை முளைக்கச் செய்யும் ஒரு ரசாயனத்தைச் சுரக்கின்றன. முளைப்பவையோ பலமற்றவை, ஒரு நாள் உடைந்து கண்ணுக்குள்ளேயே ரத்தம் கசிந்து பார்வையை மறைத்துவிடும். லேசர், விழித்திரையின் ஓரங்களைப் புள்ளி புள்ளியாகச் சுட்டு, அவற்றின் பிராணவாயுத் தேவையைக் குறைக்கிறது. ஓரத்தைக் கொடுத்து நடுவைக் காக்கும் ஏற்பாடு இது. 1945-ஆம் வருஷத்துச் சூரிய கிரகணத்தைப் பார்த்து விழித்திரை கருகிய ஒருவரைச் சோதித்த ஜெர்மானிய வைத்தியர் மேயர் ஷ்விக்கராத், அழிக்கும் அந்தச் சூட்டையே அளவறிந்து பிரயோகித்தால் என்ன என்று சிந்தித்து, முதலில் சூரிய ஒளியையே கண்ணாடிகளால் திருப்பி நோயாளிகளின் கண்ணுக்குள் செலுத்தினார் என்பது வைத்திய சரித்திரத்தின் விசித்திரங்களில் ஒன்று. இவ்வகைச் சிகிச்சையால் கடுமையான பார்வையிழப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைவதை 1976-இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி காட்டியது. அந்த ரசாயனத்தை அடக்கும் ஊசியும் இப்போது உண்டு. லேசருக்குப் பின் இரவுப் பார்வை சற்று மங்கலாம். அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடு.

சிகிச்சை முடிந்தது, இனி இனிப்புக்குத் தடையில்லை என்று அவர் தீர்மானித்துவிடக் கூடாது. முதல் வகை நீரிழிவுள்ள 1,441 பேரை அமெரிக்காவிலும் கனடாவிலும் கவனித்து 1993-இல் முடிந்த ஆராய்ச்சியில், சர்க்கரையைக் கண்டிப்பாக அடக்கியவர்களுள் கண் நோயற்றிருந்தோருக்கு அது தோன்றும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது; இரண்டாம் வகையினரைப் பற்றிய பிரிட்டிஷ் ஆராய்ச்சியும் 1998-இல் அதே திசையைத்தான் காட்டிற்று. ஆயினும் முன்பே கண் நோயிருந்த சிலருக்கு, கட்டுப்பாடு இறுகிய முதல் வருஷத்தில் நோய் சற்று மிகுந்து, பின்னரே நன்மை தெரிந்தது. சர்க்கரையை ஏறவிட இது காரணமாகாது. வெகுநாள் உயர்ந்திருந்ததை வேகமாக இறக்குமுன் கண்ணைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்கே காரணம். பரிசோதனைக்கு முந்தின இரண்டு நாள் வாயைக் கட்டி நல்ல பிள்ளையாகும் தந்திரம் அண்ணாவுக்கு நன்றாகத் தெரியும். ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி சோதனையிடம் அது பலிக்காது.

சொட்டு மருந்து விட்டுக் கண்பாவையை விரித்தபின் சில மணி நேரம் வெளிச்சம் கூசி, கிட்டத்து எழுத்து கலங்கும். ஆகையால் அன்று ஸ்கூட்டர் சாவியை நீயே வைத்துக்கொள், பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளையும் மறக்காமல் எடுத்துப் போ.

உன் அன்புள்ள,
சித்தப்பா