ஆங்கில வகுப்பில் தமிழ் பேசலாமா?

கேள்வி: ஆங்கில வகுப்பில் தமிழே பேசக்கூடாது என்கிறார் என் மகளின் ஆசிரியை. சரிதானா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஆசிரியையைக் கோபிக்காதீர்கள், அவருக்கும் அப்படித்தான் சொல்லித் தந்திருப்பார்கள். ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே நடத்த வேண்டும், அதைத் தாய்மொழியாகக் கொண்டவரே சிறந்த ஆசிரியர் என்ற நம்பிக்கைகளுக்கு 1961-ல் உகாண்டாவின் மகரேரேயில் ஆங்கிலம் கற்பித்தல் குறித்துக் கூடிய காமன்வெல்த் மாநாடு பெரும் வலுச் சேர்த்தது. அவற்றுக்குத் தக்க ஆதாரமில்லை என்று மொழியியலாளர் ராபர்ட் ஃபிலிப்சன் 1992-ல் விரிவாக வாதிட்டார். யாழ்ப்பாண வகுப்பறைகளை ஆராய்ந்த சுரேஷ் கனகராஜா, அங்கே தமிழும் கலந்தே ஆங்கிலப் பாடம் நடந்ததைப் பதிவுசெய்தார். இலக்கணத்தைத் தமிழில் விளக்கலாம். பேச்சுப் பயிற்சி ஆங்கிலத்தில் நடக்கட்டும். தமிழ் பேசியதற்காகக் குழந்தையைத் தண்டித்தால் மட்டும் பொறுக்காதீர்கள். தலைமையாசிரியரை நேரில் பார்த்துச் சொல்லுங்கள்.