வேலையிடத்தில் மனம் அறிந்து நடக்க 14 குறிப்புகள்

வேலையில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்த பலர், கூட வேலை பார்ப்பவர்களோடு ஒத்துப்போக முடியாமல் தவிப்பதைப் பார்க்கிறோம். தன் மனநிலையையும் எதிரில் இருப்பவரின் மனநிலையையும் புரிந்துகொண்டு, அதற்கேற்பப் பேசி நடந்துகொள்ளும் திறமையை உணர்வுசார் நுண்ணறிவு என்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர்கள் பீட்டர் சலோவேயும் ஜான் மேயரும் 1990-இல் இதைக் கோட்பாடாக வகுத்தார்கள். 1995-இல் டேனியல் கோல்மன் எழுதிய நூல் இதை உலகெங்கும் பரப்பியது. இது பிறவியிலேயே வரவேண்டிய குணம் என்று விட்டுவிடாதீர்கள். பழகினால் யாருக்கும் கைகூடும்.

1. உணர்வுக்குச் சரியான பெயர் வையுங்கள். கோபம், பயம், அவமானம், பொறாமை, களைப்பு எல்லாவற்றையும் ‘டென்ஷன்’ என்றே சொல்லிவிடுகிறோம். மீட்டிங்கில் உங்கள் உழைப்பைச் சொல்லாமல் விட்டார்கள் என்றால் அது வருத்தம். டார்கெட் முடியாதோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டால் அது பயம். முன்னதைப் பேசித் தீர்க்க வேண்டும், பின்னதற்குத் திட்டம் போட வேண்டும். உணர்வைச் சொல்லால் குறிப்பிடும்போது, மூளையில் அமிக்டலா என்ற பகுதியின் பரபரப்பு குறைவதை மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஸ்கேன் ஆய்வில் கண்டார்கள்.

2. உடம்பு சொல்வதைக் கவனியுங்கள். கோபம் வாய்க்கு வருமுன் உடம்பில் தெரிந்துவிடும். சிலருக்குக் காது சூடாகும், சிலருக்குத் தாடை இறுகும், சிலருக்குப் பேச்சு வேகமாகும். உங்களுக்கு எது என்று கண்டுவையுங்கள். அது தலைகாட்டியதும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நிதானமாக விடுங்கள்.

3. கோபத்தில் டைப் செய்ததை உடனே அனுப்பாதீர்கள். மெயிலில் பெறுபவர் முகவரியைக் காலியாக விட்டுவிட்டு எழுதுங்கள். கை தவறினாலும் போகாது. மறுநாள் காலை படித்துப் பார்த்தால் பாதி வரிகளை நீங்களே அழித்துவிடுவீர்கள். வாட்ஸ்அப் குரூப்பில் யாரையும் கண்டிக்காதீர்கள்.

4. அடக்குவதைவிட, மாற்றி யோசிப்பது நல்லது. ஜேம்ஸ் கிராஸ் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் இதைக் காட்டுகின்றன: உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் அமுக்கினால் வெளியே அமைதி தெரியும், உள்ளே உடம்பின் பரபரப்பு தணியாது. வணக்கம் சொல்லியும் மேலதிகாரி முகம் கொடுக்காமல் போனால், ‘என்மேல் கோபம்’ என்று முடிவு கட்டாமல், வேறு என்ன காரணங்கள் இருக்கலாம் என்று குறைந்தது இரண்டையாவது நினைத்துப் பாருங்கள். மனபாரம் அங்கேயே பாதி இறங்கும்.

5. பசி வேளையில் பஞ்சாயத்து வேண்டாம். சம்பளம், அப்ரைசல், மனத்தாங்கல் போன்ற பேச்சுகளைச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்போ ஷிப்ட் முடியும் நேரத்திலோ எடுக்காதீர்கள்.

6. முகத்தைப் பார்த்துவிட்டு, வாய்விட்டும் கேளுங்கள். திருக்குறளின் பொருட்பாலில் ‘குறிப்பறிதல்’ ஒரு தனி அதிகாரம். அரசவையில் பணிபுரிபவருக்கு முகக்குறிப்பு அறியத் தெரிய வேண்டும் என்று வள்ளுவர் கருதியிருக்கிறார். ஆனாலும் நம் ஊகம் தவறலாம். “ஒரு மாதிரி இருக்கீங்களே அக்கா, நான் ஏதாவது செய்யணுமா?” என்று தனியாகக் கேளுங்கள். “ஒண்ணுமில்ல” என்றால் துருவாதீர்கள். நீங்கள் கேட்டதே அவருக்கு ஆறுதல்.

7. கேட்கும்போது கேட்க மட்டும் செய்யுங்கள். பாதியில் வெட்டி, “எனக்கும் இப்படித்தான்...” என்று உங்கள் கதையைத் தொடங்காதீர்கள். பேசி முடித்ததும், “லீவை முதல்ல ஒத்துக்கிட்டு கடைசி நேரத்துல மறுத்ததுதான் உங்க வருத்தம், சரியா?” என்று திருப்பிச் சொல்லுங்கள். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அவரே திருத்துவார்.

8. குறையைத் தனியாக, செயலைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். “நீ எப்பவுமே லேட்டு” என்பது ஆளைக் குத்துகிறது. “தம்பி, திங்களும் புதனும் ரிப்போர்ட் பதினோரு மணிக்குத்தான் வந்துச்சு. என்ன சிக்கல்?” என்பது வேலையைப் பேசுகிறது. பாராட்டுக்கும் இதே முறைதான். “சூப்பர்” என்பதோடு நிறுத்தாமல், எந்த வேலை எப்படிக் கைகொடுத்தது என்று சொல்லுங்கள்.

9. மன்னிப்பை முழுதாகக் கேளுங்கள். “உங்களுக்குக் கஷ்டமா இருந்தா சாரி” என்பது மன்னிப்பே இல்லை. என்ன செய்தேன், அதனால் உங்களுக்கு என்ன ஆயிற்று, இனி எப்படி நடப்பேன் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

10. பொறுப்பில் இருப்பவரா? தப்பைச் சொல்ல வருபவரை அதட்டாதீர்கள். ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இணைந்து செயல்படும் குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. காரணத்தைத் தேடியபோது, அங்கே நர்ஸுகள் பயமில்லாமல் தவறை ஒப்புக்கொண்டு பேசியது தெரியவந்தது. மற்ற இடங்களில் தவறுகள் மூடி மறைக்கப்பட வாய்ப்பு அதிகம். உங்கள் குழுவில் யாருமே தப்பைச் சொல்வதில்லை என்றால் நிம்மதி அடையாதீர்கள். ஏன் சொல்வதில்லை என்று யோசியுங்கள். வந்து சொல்பவரிடம் முதல் வார்த்தை, “சொன்னது நல்லது, இப்ப என்ன செய்யலாம்?” என்று இருக்கட்டும்.

11. வாரம் ஒருமுறை உங்களை நீங்களே மதிப்பிடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை ஒரு நோட்டில் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்: இந்த வாரம் எப்போது நிதானம் இழந்தேன்? அதைத் தூண்டியது எது? யாருடைய பேச்சை முழுதாகக் கேட்டேன்? யாரிடம் இன்னும் பேசித் தீர்க்க வேண்டும்? சில மாதங்கள் கழித்துப் புரட்டினால், ஒரே விஷயம் திரும்பத் திரும்ப உங்களைச் சீண்டுவது தெரியும்.

12. பிறர் கண்ணாலும் பாருங்கள். ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்காம் இருவரும் 1955-இல் உருவாக்கிய ‘ஜோஹரி சாளரம்’, நமக்குத் தெரியாமல் மற்றவர்களுக்கு மட்டும் தெரிந்த பக்கம் நம்மிடம் உண்டு என்கிறது. மேலதிகாரி, சக ஊழியர், உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர் என மூவரிடம் கேளுங்கள்: “நான் எதை நிறுத்தணும்? எதைத் தொடரணும்?” பதில் வரும்போது வாதாடாதீர்கள், நன்றி மட்டும் சொல்லுங்கள். வாதாடினால் அடுத்த முறை உண்மை வராது.

13. மதிப்பெண்ணை மட்டும் நம்பி ஆளை எடைபோடாதீர்கள். உணர்வுசார் நுண்ணறிவை அளக்கும் தேர்வுகளில் இரண்டு வகை உண்டு. மேயரும் சலோவேயும் டேவிட் கருசோவுடன் சேர்ந்து உருவாக்கிய தேர்வு, முகங்களைக் காட்டியும் சூழ்நிலைகளைக் கொடுத்தும் திறமையைச் சோதிக்கிறது. மற்ற வகையில், நம்மைப் பற்றி நாமே மதிப்பெண் போட்டுக்கொள்கிறோம். வேலைக்கான தேர்வு என்று தெரிந்தால் எல்லாரும் தங்களை நல்லவராகவே எழுதுவார்கள். இன்டர்வியூ எடுப்பவர்கள், “கூட வேலை பார்த்தவரோடு கருத்து வேறுபாடு வந்தப்ப என்ன செய்தீங்க?” என்று நடந்த சம்பவத்தைக் கேளுங்கள். பழி முழுவதையும் அடுத்தவர்மேல் போடுகிறாரா, தன் பங்கையும் சொல்கிறாரா என்று கவனியுங்கள்.

14. பொறுமைக்கு எல்லை உண்டு. சிரித்த முகத்தோடு எல்லாவற்றையும் சகித்துக்கொள்வது இந்தத் திறமையில் சேராது. நாள் முழுக்க நின்றுகொண்டே துணி எடுத்துக் காட்டும் விற்பனைப் பெண்ணுக்குத் தேவை மனப்பயிற்சி வகுப்பு இல்லை, நாற்காலி. தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதியைக் கட்டாயமாக்கினார்கள். பாலியல் தொல்லை என்றால் பேசிச் சமாளிக்க முயலாதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களில் புகாரை விசாரிக்கக் குழு இருந்தே ஆக வேண்டும். அங்கே எழுத்தில் புகார் கொடுங்கள்.

பதினான்கையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். உங்களுக்கு மிகவும் தேவையான ஒன்றை எடுத்து ஒரு மாதம் பழகுங்கள், பிறகு அடுத்ததற்குப் போங்கள். பொறுப்பில் இருப்பவர்கள் பத்தாவது குறிப்பிலிருந்து தொடங்குங்கள். உங்கள் கீழ் வேலை பார்க்கும் ஒவ்வொருவரும் நிம்மதியோடு வீடு திரும்புவது உங்கள் கையிலும் இருக்கிறது.