எட்டு வாரத்தில் கேட்காத சத்தம்

கேள்வி: ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு கோல்டன் ரிட்ரீவர் குட்டிகளை வாங்கினோம். எட்டாவது வாரம் தடுப்பூசி போடப் போனபோது, பெட்டைக்கு இதயத்தில் 'மர்மர்' கேட்கிறது, கடுவனுக்கு ஒன்றும் இல்லை என்றார் மிருக வைத்தியர். இப்போது இரண்டுக்கும் ஒரு வயது. பெட்டையின் சத்தம் போய்விட்டது. கடுவனுக்கோ புதிதாகக் கேட்கிறதாம்! டொக்டர் அன்று மாறிச் சொல்லிவிட்டாரா? கொசுக்கடியால் இதயத்தில் புழு வந்திருக்கும் என்கிறார் பக்கத்து வீட்டு ஐயா. கடுவன் நாள் முழுக்கப் பந்துக்குப் பின்னால் ஓடித் திரிகிறான். இவற்றை வேறு நாய்களோடு சேர்த்துக் குட்டி எடுக்கலாமா?
– வாசகி ஒருவர், பேலியகொடை

பதில்: நல்ல கேள்வி, சகோதரி. ஒரு பாடவேளைக்குரிய விஷயத்தை உங்கள் வீட்டுச் சோடியே நடத்திக் காட்டிவிட்டது. உங்கள் டொக்டர் அன்றும் பிழை விடவில்லை, இன்றும் விடவில்லை.

முதலில் புழுவை முடித்துவிடுவோம். கொசு பரப்பும் இதயப்புழு உலகில் உண்டுதான். ஆனால் இலங்கை நாய்களில் பரவலாகக் காணப்படுவது அதன் உறவுக்காரப் புழுவான டைரோஃபைலேரியா ரெபென்ஸ். அது குடியிருப்பது தோலுக்கு அடியில். களனி கங்கைக் கரையில் கொசுவுக்குப் பஞ்சமில்லை என்பதால் ஐயா சந்தேகப்படுவது நியாயமே; ஆனாலும் இந்த வழக்கில் கொசு குற்றவாளியாக இருக்க வாய்ப்புக் குறைவு.

மர்மர் என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. லப்-டப் ஒலிகளுக்கு இடையே ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் 'உஸ்' என்ற இரைச்சல் அது. கித்துல்கலவில் பாறைகளுக்கிடையே நெருக்குப்பட்டு இரைகிற களனி, உங்கள் ஊருக்கு வரும்போது அகன்று அடங்கிவிடுகிறதல்லவா? இரத்தமும் வேகம் கூடிக் குழம்பினால்தான் இரையும். அந்த வேகம் எதனால் கூடியது என்பதுதான் கேள்வி.

பெட்டைக்குக் காரணம் வயது. குட்டிகளின் இரத்தத்தில் சிவப்பணுக்கள் குறைவு. நீர்த்த இரத்தம் வேகமாக ஓடும்போது மெல்லிய இரைச்சல் எழும். இதைத் தீங்கற்ற மர்மர் என்பார்கள். மர்மரின் உரப்பை ஆறு தரங்களாகப் பிரிப்பது வழக்கம். தீங்கற்ற மர்மர் பெரும்பாலும் இரண்டைத் தாண்டாது, நான்கைந்து மாதத்துக்குள் மறைந்துவிடும்.

கடுவன் விஷயம் வேறு. பிறவிக் குறை என்றால் பிறந்த அன்றே இருக்கும், எட்டு வாரத்தில் இல்லையென்றால் இனி இல்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் மரபில் இருப்பது விதை மட்டும். அது பிறகு முளைக்கலாம். கோல்டன் ரிட்ரீவரில் நான் முதலில் சந்தேகிப்பது பெருநாடிக்கீழ்க் குறுக்கத்தை. அதாவது, இதயத்தின் இடது கீழறையிலிருந்து பெருநாடிக்கு இரத்தம் போகும் வாசலுக்குச் சற்றுக் கீழே நார்த்திசு மேடாகவோ வளையமாகவோ வளர்ந்து வழியைக் குறுக்குவது. பென்சில்வேனியாவில் நியூஃபவுண்ட்லாண்ட் நாய்களை ஆராய்ந்து 1976இல் வெளியிட்ட ஆய்வில், பிறந்த புதிதில் குட்டிகளிடம் இந்த மேடு இல்லை; வாரங்கள் போகப்போகத்தான் உருவானது. நாய் வளர வளர இரைச்சலும் உரக்கலாம். அமெரிக்காவின் ஓ.எஃப்.ஏ. அமைப்பு இனவிருத்தி நாய்களுக்கு இதயச் சான்று வழங்க 12 மாத வயதைக் கேட்பது இதனால்தான்.

பந்துக்குப் பின்னால் ஓடுவதை நம்பாதீர்கள். குறுக்கம் லேசாக இருந்தால் நாய் ஆயுள் முழுக்க ஓடும். கடுமையாக இருந்தாலும் ஓடும், ஒருநாள் மயங்கி விழும் வரை. சில நாய்களில் முதல் அறிகுறியே திடீர்ச் சாவு. ஆகவே விடை தெரியும்வரை அவனைக் களைக்கும்படி ஓடவிடாதீர்கள்.

எவ்வளவு குறுக்கம் என்பதைக் காது சொல்லாது. டொப்ளர் எக்கோ, அதாவது இரத்தத்தின் வேகத்தை ஒலியலையால் அளக்கும் ஸ்கேன், சொல்லும். பெருநாடி வாசலில் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 2 மீற்றருக்குள் இருப்பது வழமை. 4.5 மீற்றரைத் தொட்டால், குறுக்கத்தின் இரு பக்கமும் அழுத்தம் சுமார் 80 மி.மீ. பாதரச அளவு வேறுபடுகிறது என்று பொருள். அது கடுமையான நிலை. எங்கே எடுக்கலாம் என்று உங்கள் டொக்டரிடமே கேளுங்கள். தேவையென்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் தருவார். போகுமுன் தொலைபேசியில் விசாரித்துக்கொள்ளுங்கள். காலை வெயில் ஏறுமுன் கொண்டுபோவது நல்லது: நாக்கைத் தள்ளி இளைக்கும் நாயின் மெல்லிய மர்மரை எந்த டொக்டராலும் கேட்க முடியாது. பெடிகிரி பேப்பரை எடுத்துப்போக மறந்தாலும் பரவாயில்லை. அது தாய் தகப்பனைச் சொல்லுமே தவிர அவற்றின் இதயத்தைச் சொல்லாது.

  

குறுக்கம் உறுதியானால் கடுவனை எக்காரணம் கொண்டும் இனவிருத்திக்கு விடாதீர்கள். லேசான குறையுள்ள தகப்பனுக்குக் கடுமையான குறையோடு குட்டிகள் பிறந்திருக்கின்றன. கோல்டன் ரிட்ரீவருக்கு இதைக் காட்டித்தரும் நம்பகமான மரபணுச் சோதனையும் கிடையாது. பெட்டையின் மர்மர் மறைந்தாலும் அவள் அவனுடைய கூடப்பிறந்தவள். அவளையும் இனவிருத்திக்கு விடாமல் இருப்பதே என் யோசனை. இன்னொன்று: ஸ்கேன் முடிவு எதுவானாலும் குட்டிகளைத் தந்தவருக்குச் சொல்லுங்கள். அதே தாயையும் தகப்பனையும் அவர் மறுபடி சேர்க்க நினைத்திருக்கக்கூடும்.