வீட்டிலேயே கணினி அமைத்தல்: உறுப்புகளைத் தேர்ந்தெடுக்கும் முறை

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. பழைய கணினிக்கு மாற்றாக, உறுப்புகளைத் தனித்தனியே வாங்கித் தாமே பொருத்த விரும்புவோர் உளர். பின்னாளில் பழுதான உறுப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது இம்முறையின் நன்மை. ஆயினும், ஒன்றோடொன்று பொருந்தாதவற்றை வாங்கிவிட்டால் குடும்பத்தின் பணம் வீணாகும்.

பயன்பாடு
பாடசாலை வேலை, காணொளி அழைப்பு, அலுவலகப் பணி ஆகியவற்றிற்கு 16 ஜிகாபைட் நினைவகமும் 500 ஜிகாபைட் எஸ்எஸ்டி சேமிப்பகமும் போதுமானவை. தனி வரைகலை அட்டை தேவையில்லை. ஆனால் எல்லாச் செயலிகளிலும் உள்ளமைந்த வரைகலை வசதி இராது. இன்டெல் செயலியின் பெயர் ‘எஃப்’ என்னும் எழுத்தில் முடிந்தால் அவ்வசதி இல்லை; தனி அட்டையின்றித் திரையில் எதுவும் தோன்றாது.

செயலி, தாய்ப்பலகை, நினைவகம்
இம்மூன்றையும் சேர்த்தே தெரிவு செய்தல் வேண்டும். ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 பலகை டிடிஆர்4 நினைவகத்தையும், ஏஎம்5 பலகை டிடிஆர்5 நினைவகத்தையும் ஏற்கும். இன்டெலின் எல்ஜிஏ1700 பலகைகளில் இருவகையும் உள்ளதால், பலகையின் விவரக்குறிப்பைப் பார்த்த பின்னரே நினைவகம் வாங்க வேண்டும். இவற்றின் வெட்டுப்பள்ளங்கள் வெவ்வேறு இடங்களில் அமைந்திருப்பதால், ஒன்றின் இடத்தில் மற்றொன்றை அழுத்திப் பொருத்த முயலலாகாது.

மின்வழங்கி
செயலிக்கு 65 வாட், வரைகலை அட்டைக்கு 170 வாட், ஏனையவற்றிற்கு 65 வாட் எனக் கொண்டால் மொத்தம் 300 வாட் ஆகும். இதற்கு 550 வாட் மின்வழங்கி போதிய இடைவெளி தரும். ஆஸ்திரேலிய மின்னழுத்தம் 230 வோல்ட். சுவரில் செருகும் மின்வடத்தில் ஆர்சிஎம் குறி உள்ளதா எனப் பார்க்க வேண்டும். மின்வழங்கியை ஒருபோதும் திறக்கலாகாது. இணைப்பைத் துண்டித்த பின்னும் அதனுள் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

வாங்குவோரின் உரிமை
மனம் மாறியதற்காகப் பணத்தைத் திருப்பித் தரக் கடைகள் சட்டப்படி கடமைப்பட்டவையல்ல. ஆகவே, வாங்குமுன் உறுப்புகளின் பட்டியலையும் பயன்பாட்டையும் மின்னஞ்சலில் தெரிவித்து, இவை ஒன்றோடொன்று பொருந்துமா என விற்பனையாளரிடம் கேட்பது நலம். அவர் கூற்றை நம்பி வாங்கியவை பொருந்தாவிடின், ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின்கீழ் தீர்வு கோரலாம். குறை பெரிதாயின், பணத்தைத் திரும்பப் பெறுவதா மாற்றுப்பொருள் பெறுவதா என்பதை முடிவு செய்பவர் வாங்கியவரே. தனிநபரிடம் வாங்கும் பழைய பொருளுக்கு இத்தகைய தர உத்தரவாதம் இல்லை. பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துதல் அவசியம்.

விக்டோரியா நுகர்வோர் விவகார அமைப்பின் தொலைபேசி எண் 1300 55 81 81. தமிழில் பேச விரும்புவோர் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, மேற்கண்ட எண்ணுடன் இணைக்குமாறு கேட்கலாம்.

பழைய கணினி
2019 ஜூலை 1 முதல் விக்டோரியாவில் மின்கழிவைக் குப்பைத்தொட்டியில் இடுவதற்குத் தடை உள்ளது. சேமிப்பகத்திலுள்ள சொந்தத் தகவல்களை முற்றாக அழித்த பின், பழைய கணினியை மின்கழிவு சேகரிப்பு நிலையத்தில் ஒப்படைத்தல் வேண்டும்.