கட்டுமானப் பிணக்குகளும் தீர்வுகளும்

நுழையும்முன்

ஒரு குடும்பத்தின் இருபதாண்டுச் சேமிப்பும், அதற்குமேல் வாங்கிய வங்கிக் கடனும் ஒரே மனையில் செங்கல்லாகவும் கம்பியாகவும் மாறுகின்றன. அவ்வேலை பாதியில் நின்றால் கடன் தவணையும் வீட்டு வாடகையும் ஒருசேர அக்குடும்பத்தை அழுத்தும். மறுபுறம், செய்த வேலைக்குப் பணம் வராத ஒப்பந்தக்காரரோ சனிக்கிழமைதோறும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி கொடுத்தாக வேண்டும். இவ்விரு நெருக்கடிகளும் மோதும் இடத்தையும், வல்லுநர்கள் அம்மோதலைத் தீர்க்கும் முறைகளையும் இப்பாடத்தில் காண்போம்.

சதுர அடிக் கணக்கு

நம் ஊர்களில் வீட்டு ஒப்பந்தம் பெரும்பாலும் ‘சதுர அடிக்கு இவ்வளவு’ என்னும் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. பிணக்கின் வித்து அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. முகப்பு மண்டபத்தின் பரப்பு கணக்கில் சேருமா? மாடிப்படியின் மேலுள்ள சிறு கூரைக்கு முழு விலையா, பாதி விலையா? நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, சுற்றுச்சுவர் ஆகியவை அவ்விலைக்குள் அடங்குமா? வீட்டுக்காரர் ‘எல்லாம் சேர்த்துத்தான்’ என்று எண்ணியிருப்பார். ஒப்பந்தக்காரர் ‘அவை தனி’ என்று எண்ணியிருப்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. பேசப்படாத ஒன்றை அவரவர் தமக்குச் சாதகமாக நிரப்பிக்கொண்டனர், அவ்வளவே.

அடுத்தது கூடுதல் வேலை. சுவர் எழும்பிய பிறகு, ‘இங்கே ஓர் அலமாரி வையுங்கள்; இந்தச் சன்னலைச் சற்றுப் பெரிதாக்குங்கள்’ என்று வாய்மொழியாகச் சொல்வதுண்டு. அன்று தலையசைத்த ஒப்பந்தக்காரர், இறுதிப் பட்டியலில் அதற்கு ஒரு தொகையை எழுதும்போது பூசல் தொடங்கும். பொதுப்பணிகளில் இதற்கு இடமில்லாதிருக்க அளவுப் புத்தகம் என்னும் பதிவேடு உண்டு. செய்த வேலையின் நீள, அகல, உயரங்களைப் பொறியாளர் களத்திலேயே அளந்து அதில் பதிவார். அப்பதிவைக் கொண்டே பட்டியலுக்குப் பணம் வழங்கப்படும். சிறு வீடு கட்டுவோரும் ஒரு நாற்பது பக்க நோட்டில் இம்முறையைப் பின்பற்றத் தடை ஏதுமில்லை.

வரைபடம் முடியுமுன் தொடங்கிய பணி

ஆஸ்திரேலியாவின் சிட்னி ஓபரா மாளிகை உலகம் வியக்கும் கட்டடம். பிணக்குகளைப் பயில விரும்புவோருக்கு அது ஒரு பாடநூலும்கூட. 1957இல் நடந்த போட்டியில் டென்மார்க்கைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சன் வென்றார். மதிப்பீடு 70 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர். கப்பற்பாய்கள் போன்ற அதன் கூரைகளை எவ்வடிவக் கணக்கில் கட்டுவது என்பது முடிவாகாத நிலையிலேயே, அரசின் அவசரத்தால் 1959இல் பணி தொடங்கியது. கூரையின் எடை தெரியாமல் கீழ்த்தூண்களை எழுப்பினர்; பின்னர் அவை போதிய வலுவற்றவை என்று கண்டு மாற்றிக் கட்ட நேர்ந்தது. எல்லாக் கூரைகளையும் ஒரே கோளத்தின் பகுதிகளாக அமைக்கலாம் என்னும் தீர்வு 1961இல்தான் கிட்டியது.

1965இல் ஆட்சி மாறியது. புதிய பொதுப்பணி அமைச்சர் டேவிஸ் ஹியூஸ் செலவைக் கேள்விக்குள்ளாக்கி, உட்சனுக்குரிய கட்டணத்தை நிறுத்தி வைத்தார். 1966 பிப்ரவரியில் உட்சன் விலகினார். நாட்டை விட்டும் சென்றார். 1973இல் மாளிகை திறக்கப்பட்டபோது செலவு 10 கோடியே 20 இலட்சம் டாலரை எட்டியிருந்தது. தாம் வடிவமைத்த மாளிகை முழுமையடைந்ததை உட்சன் இறுதிவரை நேரில் காணவே இல்லை. 1999இல் அம்மாளிகையின் வருங்கால மாற்றங்களுக்கு வழிகாட்டுமாறு அவரை மீண்டும் அழைத்தனர். அப்பணியையும் அவர் அயலிலிருந்தே செய்தார்.

இதில் ஹியூஸை மட்டும் பழிப்பது எளிது; பலர் அவ்வாறே செய்தனர். பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்பது அமைச்சரின் கடமை என்பதையும் மறுக்க இயலாது. முற்றுப்பெறாத வரைபடத்தின் மேல் அடித்தளம் இட்ட அந்த 1959ஆம் ஆண்டு முடிவே பின்வந்த பூசல்களுக்கெல்லாம் தாய் என்று கொள்வதே பொருத்தம்.

தாமதம் யாருடையது?

மழை, மணல் தட்டுப்பாடு, கம்பி விலையேற்றம், வரைபடம் தராமை, தவணைப் பணம் தராமை என்று தாமதத்துக்குக் காரணங்கள் பல. ஒவ்வொரு நாளும் யார் பொறுப்பில் கழிந்தது என்று பிரித்தறிவதே வல்லுநரின் வேலை. நாள்தோறும் எத்தனை பேர் வேலைக்கு வந்தனர், என்ன பொருள் இறங்கியது, மழை எப்போது பெய்தது என்று எழுதிய களக் குறிப்பேடு இங்கே முதன்மைச் சான்றாகும்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதில் இரு நுட்பங்களைச் சொல்கிறது. குறித்த காலத்தில் முடிப்பது இன்றியமையாதது என்ற ஒப்பந்தத்தில், காலம் கடந்து செய்த வேலையை ஏற்றுக்கொள்பவர், அவ்வாறு ஏற்கும்போதே இழப்பீடு கோரப்போவதாக அறிவித்திருக்க வேண்டும். இல்லையெனில் தாமதத்துக்கு இழப்பீடு கேட்க முடியாது. இது 55ஆம் பிரிவு. ஒப்பந்தத்தில் தண்டத்தொகை குறிக்கப்பட்டிருந்தாலும் அது உச்சவரம்பே ஆகும். அதற்குட்பட்ட நியாயமான இழப்பீடே கிடைக்கும். இது 74ஆம் பிரிவு.

தரம் பற்றிய ஐயம்

கான்கிரீட்டின் வலிமையில் ஐயம் எழுந்தால் உரக்கப் பேசிப் பயனில்லை. வார்க்கும்போதே எடுத்துவைத்த கனசதுர மாதிரிகளை 28ஆம் நாள் நசுக்கிப் பார்ப்பர். அவை தேறாவிடில் கட்டடத்திலிருந்தே உருளை வடிவத் துண்டுகளைத் துளைத்தெடுத்துச் சோதிப்பர். குறைந்தது மூன்று துண்டுகள் வேண்டும். அவற்றின் சராசரி, உரிய வலிமையில் 85 விழுக்காடாவது இருத்தல் வேண்டும். எந்த ஒன்றும் 75 விழுக்காட்டுக்குக் கீழே செல்லலாகாது என்பது இந்தியத் தர நெறி. இச்சோதனையைச் செய்பவர் இருவருக்கும் பொதுவானவராக இருந்தால், வழக்கின் பாதி அங்கேயே கரைந்துவிடும்.

தீர்வின் படிகள்

முதற்படி நேர்ப்பேச்சு. பெரும்பாலான பூசல்கள் இங்கேயே தீர்வதால் அவை எந்தப் பதிவிலும் ஏறுவதில்லை. அடுத்தது சமரசம். சமரசர் தீர்ப்பு வழங்குவதில்லை. இரு தரப்பையும் சேர்த்தும் தனித்தும் சந்தித்து, அவர்களே ஒரு முடிவுக்கு வரத் துணைநிற்பார். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் 2005 முதல் சமரச மையம் இயங்கி வருகிறது.

பெரும்பணிகளில் மற்றொரு முறை உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஐசனோவர் மலைச்சுரங்கத்தின் முதற்குழாய் பெருந்தொல்லைகளுக்கிடையே முடிந்தது. 1975இல் இரண்டாம் குழாய்க்கான பணி தொடங்கியபோது, மூன்று வல்லுநர் கொண்ட குழு ஒன்றைத் தொடக்கத்திலேயே அமர்த்தினர். பிணக்கு முற்றும்வரை காத்திராமல், பணி நடக்கும்போதே அதை ஆராய்ந்து பரிந்துரைப்பது அக்குழுவின் கடமை. பாறையின் இயல்பைக் கண்ணாரக் கண்டவர்கள் சொல்வதை மறுப்பது எவர்க்கும் கடினம். பின்னர் இம்முறை பல நாடுகளுக்கும் பரவியது.

இவையும் பயன் தராதபோது நடுவர் தீர்ப்பாயம். 1996ஆம் ஆண்டின் சட்டம் இதனை ஒழுங்கு செய்கிறது. முற்காலத்தில் அரசு ஒப்பந்தங்களில் அத்துறையின் தலைமைப் பொறியாளரே நடுவராக அமர்வதுண்டு. தம் துறையின் வழக்கில் தாமே தீர்ப்புச் சொல்லும் நிலை அது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம், ஒரு தரப்பின் ஊழியர் நடுவராவதைத் தடுத்தது. இரு தரப்பும் தத்தம் வாதுரைகளை எழுத்தில் அளித்து முடித்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் தீர்ப்பு வரவேண்டும். இருவரும் இசைந்தால் மேலும் 6 மாதம் நீட்டிக்கலாம். அத்தீர்ப்பை நீதிமன்றம் ரத்து செய்வதற்கான காரணங்கள் மிகச் சிலவே.

அடுக்குமாடிக் குடியிருப்பு வாங்குவோருக்கு 2016ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டம் தனிப் பாதுகாப்பு அளிக்கிறது. வீடு கையளிக்கப்பட்ட நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறைபாடு தெரிவிக்கப்பட்டால், கட்டுநர் 30 நாள்களுக்குள் கட்டணமின்றிச் சீர்செய்ய வேண்டும். தவறினால் இழப்பீடு தரவேண்டும். ஆகவே சாவியைப் பெறும் நாளில் தேதியிட்ட கையளிப்புக் கடிதத்தையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். சுவரில் விரிசல் தோன்றும் நாளில், ஐந்தாண்டுக் கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்பதைக் காட்டுவது அக்கடிதமே.