கானகத்தின் விருந்தினர்

விருந்தோம்பல் தமிழர் போற்றிய அறம். திருவள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். வந்தவரைப் பேணும் கடமை வீட்டார்க்கு உண்டு. அவ்வீட்டின் ஒழுங்கைக் குலையாதிருக்கும் கடமை விருந்தினர்க்கும் உண்டு. நாம் காட்டிற்குச் சென்று தங்கும்போது வீட்டார் யார்? விருந்தினர் யார்? இவ்வினாவை எண்ணிப் பார்க்கச் செய்யும் விடுதி ஒன்று இலங்கையில் உள்ளது. அதுவே கண்டலம விடுதி.

இலங்கையின் நடுப்பகுதியில் தம்புள்ளை என்னும் நகரம் இருக்கிறது. யாழ்ப்பாணம் செல்லும் நெடுஞ்சாலையும் திருகோணமலை செல்லும் நெடுஞ்சாலையும் அங்கே சந்திக்கின்றன. காய்கறி மூட்டைகளை ஏற்றிய லாரிகள் மொத்த வணிகச் சந்தைக்கு ஓயாது வந்து போகின்றன. பழம்பெரும் குகைக்கோயிலைக் காண வரும் மக்களும் பலர். இவ்வாரவாரத்தைக் கடந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் சென்றால் கண்டலம ஏரி கண்ணில் படும். அதன் கரையில், காடு அடர்ந்த பாறைச் சரிவில் இவ்விடுதி அமைந்துள்ளது. இதன் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். எனினும், அக்கரையிலிருந்து நோக்குவார்க்கு இஃது எளிதில் புலப்படாது. கொடிகளும் மரங்களும் இதனைப் பசும்போர்வையாய் மூடியுள்ளன.

இதனை வடிவமைத்தவர் ஜெப்ரி பாவா (1919-2003) என்னும் கட்டடக் கலைஞர். 5-ஆம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் கோட்டை அமைத்த சிகிரியாக் குன்றின் அருகில் விடுதி கட்டவே முதலில் எண்ணியிருந்தனர். பாவா அதற்கு இசையவில்லை. குன்றை நெருங்காமல், தொலைவில் நின்று அதன் அழகைக் காணத்தக்க இடமாகக் கண்டலமவைத் தேர்ந்தார்.

ஆயினும், அங்கும் எதிர்ப்பு எழுந்தது. 1992-ஆம் ஆண்டில் ஊர் மக்களும் பௌத்தத் துறவிகளும் திரண்டு நின்று மறுத்தனர். காடு அழியுமே, கழிவுநீர் கலந்து ஏரி கெடுமே என்று அவர்கள் அஞ்சினர். அவ்வச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடுதல் தகாது. ஏரி கெட்டால் அதனை நம்பிய உழவர் வாழ்வும் கெடும் அன்றோ? எதிர்ப்புக்கிடையே கட்டடம் எழுந்தது. 1994-ஆம் ஆண்டில் விடுதி திறக்கப்பெற்றது. மக்களின் அச்சத்தைச் செயலால் போக்கும் பொறுப்பும் அன்றே அதன் தலைமேல் ஏறியது.

கட்டடம் தூண்களின் மேல் நிற்கிறது. பாறையிலிருந்து வழியும் மழைநீர் தடையின்றி அதன் கீழே ஓடி ஏரியைச் சேர்கிறது. கழிவுநீரைத் தூய்மைசெய்து செடிகொடிகளுக்குப் பாய்ச்சுகின்றனர். இத்தகைய முயற்சிகளால் 2000-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றத்தின் சான்றிதழ் இவ்விடுதிக்குக் கிடைத்தது.

அங்குத் தங்குவோர் காண்பன பல. நடைவழிகள் சுவரின்றித் திறந்து கிடக்கின்றன. காற்று தடையின்றி உலவுகிறது. குறுக்கிட்ட பாறையை உடைத்தெறியாமல், அதனை ஒட்டியே வழி அமைத்துள்ளனர். காலையில் கதிரவன் எழ, ஏரிக்கு அப்பால் சிகிரியாக் குன்று தோன்றும் காட்சி உள்ளத்தைக் கவரும். மரக்கிளைகளில் குரங்குகள் தாவித் திரியும். 'கதவைச் சாத்தி வையுங்கள்' என்று விருந்தினர்க்கு அறிவுறுத்துவர். நகரில் குரங்கு வந்தால் நாம் அதனைத் துரத்துகிறோம். இங்கோ, அதன் இடத்திற்கு வந்தவர் நாம்; ஆதலின், அடங்கியிருக்க வேண்டியவரும் நாமே.

மாணவர்களே! நகர வாழ்வில் களைத்தோர் அமைதியை நாடிக் காட்டிற்குச் செல்வது இயல்பு. ஆனால், செல்வோர் பெருகப் பெருக, அவர்கள் தேடிச் சென்ற அமைதியே அவர்களால் அழிந்துபோதல் கூடும். நன்கு அமைந்த விடுதி ஒன்று மட்டும் காட்டைக் காத்துவிடாது. தங்குவோரின் ஒழுக்கமும் வேண்டும். நீரை அளவாகச் செலவிடுங்கள். குப்பையை விட்டு வாராதீர்கள். உரத்த குரலால் பறவைகளைக் கலைக்காதீர்கள். நீங்கள் விடைபெற்ற பின்னும், நீங்கள் வருமுன் இருந்தவாறே அவ்விடம் இருத்தல் வேண்டும். நல்ல விருந்தினர்க்கு அதுவே அழகு.